மன்னார் முத்தும் ஓர் ஆய்வறிக்கையின் வரலாறும்

முத்துப் பிறப்பது எங்ஙனம் என்ற வினா மிகப் பழையது. சுவாதி நாளிற் பெய்யும் மழையின் ஒரு துளி, நீர்மேல் வந்து வாய்திறந்து நிற்கும் சிப்பியினுள் வீழ்ந்து முத்தாக விளையும் என்பது நம் முன்னோர் வழங்கிவந்த கதை. உரோமநாட்டு அறிஞர் பிளினி பனித்துளியை வைத்து அதனையொத்த கதையொன்றைத் தம் நூலிற் குறித்துவைத்தார். அதே வினாவை விஞ்ஞான முறையில் விடுவிக்கும் பொருட்டு, இற்றைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மன்னார்க் கடலில் ஒரு பேராராய்ச்சி நடந்தேறியது. அதன் பயனாக ஐந்து பெருந்தொகுதிகள் கொண்ட அறிக்கை வெளிவந்தது. உலகெங்கும் உள்ள விலங்கியலாளர் அதனை எடுத்தாண்டனர். அரசாங்கம் அதனை நம்பியது. முதலீட்டாளரும் அதனை நம்பினர். ஆயினும், அதன் மையக் கொள்கை பத்தாண்டு முடியுமுன்னரே ஆட்டங்கண்டது. ஓர் ஆய்வின் பெருமையை அது எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதைக் கொண்டு அளக்கும் இக்காலத்தில், இவ்வறிக்கையின் கதையை மீள நோக்குதல் பயனுடைத்து. அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, பெரும்பாலும் ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழமுள்ள கடலடியிற் பாறை மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றை நம் மக்கள் 'பார்' என்பர். செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் எனப் பெயர் பெற்றவை பல. குஞ்சுச் சிப்பி பற்றி வளர்வதற்கு வேண்டிய வன்றரை இப்பார்களில் உண்டு. எதிர்க்கரையிற் கொற்கையும், இக்கரையில் மாதோட்டமும் பண்டு துறைமுகங்களாய் விளங்கியமைக்கு இக்கடலின் முத்தும் ஒரு காரணமாகும்.

முத்துக் குளிக்க மக்கள் கூடும் காலத்தைச் 'சலாபம்' என வழங்கினர். மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுறும்போது தொண்டி, கீழக்கரை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வந்து குழுமுவர். குளிகாரன் கல்லொன்றைக் காலிற் கோத்துக்கொண்டு கடலடிக்கு இறங்கி, ஒரு நிமிட அளவில் இயன்ற மட்டும் சிப்பியை வாரி வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவன் இழுத்துக் கொள்வான். ஆளில்லா மணற்கரையிற் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். சலாபம் முடிந்ததும் அது மறையும். 1906 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் எழுந்த அத்தகைய நகரிற் கடமையாற்றிய இளம் உத்தியோகத்தருள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப் ஆவர்.

பிரித்தானியர் ஆட்சியிற் சலாபம் அரசாங்கத்தின் உடைமையாயிருந்தது. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும், ஒரு பங்கு குளிகாரர்க்கும் உரியது. எனவே, ஒரு சலாபம் வாய்த்தால் திறைசேரி நிறையும், வாய்க்காவிடிற் குறையும். ஆனால், கடல் கணக்குக்கு அடங்குவதன்று. பார்கள் சில ஆண்டுகள் வாரி வழங்கும். பின் பல்லாண்டு வெறுமையாய்க் கிடக்கும். 1891 ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின் பதினோராண்டுகள் ஒரு சலாபமும் கூடவில்லை. கோடிக்கணக்கிற் கண்ட குஞ்சுச் சிப்பிகள் மறு ஆண்டு சென்று பார்க்கையில் இல்லை. அவை சென்றது எங்கே? இவ்வினாவே அரசாங்கத்தை விஞ்ஞானியரிடம் போகச் செய்தது.

இவ்வழியில் முன்னரே சென்றவர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இலங்கையிற் பிறந்த பறங்கியரும், படை மருத்துவருமாகிய எட்வேட் பிரெடெரிக் கெலாட் 1857 ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி முத்துச் சிப்பியை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். இளஞ் சிப்பி தன்னைப் பாறையோடு பிணிக்கும் நாரை விடுத்து நகரவல்லது எனக் கண்டவர் அவர். சிப்பியுள் வாழும் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்புண்டு எனக் கருதியவரும் அவரே. 1852 இல் இத்தாலிய அறிஞர் பிலிப்பி நன்னீர்ச் சிப்பியில் அதனையொத்த கருத்தை வெளியிட்டிருந்தார். கெலாட் 1860 இற் காலமாகவே, அவர் தொடங்கிய பணி இடையிற் நின்றது.

1902 ஆம் ஆண்டு தை மாதம், லிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் அபட் ஹேட்மன், தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹோணெல் என்பவருடன் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். 'லேடி ஹவ்லொக்' என்னும் நீராவிக் கப்பலில் இருவரும் பார்களை அளந்து, அடிமண்ணையும் உயிர்களையும் வாரியெடுத்துச் சோதித்தனர். ஹேட்மன் சில மாதங்களில் ஊர் திரும்ப, ஹோணெல் இங்குத் தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பயனாக எழுந்த அறிக்கையை, குடியேற்ற அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி இலண்டன் அரச கழகம் 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. சிப்பியைப் பற்றிய ஆய்வோடு அது நிற்கவில்லை. கடற்பஞ்சு, பவளம், புழு, நண்டு, நத்தை, கண்ணுக்குப் புலனாகாச் சிறுகணுக்காலிகள் எனக் கடலிற் கிடைத்தவற்றையெல்லாம் துறைபோகிய அறிஞர் பலரிடம் பகிர்ந்தளித்து, ஏறத்தாழ நாற்பது துணையறிக்கைகளையும் அதனுட் சேர்த்தனர். நம் கடலின் உயிர்வளத்தை இத்துணை விரிவாகக் காட்டிய நூல் அதற்குமுன் தோன்றியதில்லை.

முத்தின் தோற்றம் பற்றி அறிக்கை கூறியது யாது? முத்துக்கள் யாவும் ஒரே வகையிற் பிறப்பன அல்ல என்று ஹேட்மன் கண்டார். தசை ஓட்டோடு பற்றும் இடத்திற் சுண்ணத் துகளைச் சுற்றி விளைவன சில. ஆனால், சிப்பியின் மெல்லுடலில் விளையும் நல்முத்துக்களுட் பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு நாடாப்புழுவின் குடம்பி அடங்கியுள்ளது என்பதே அவர் தம் முடிபு. வேண்டா விருந்தாய் உட்புகுந்த ஒட்டுண்ணியைச் சிப்பி ஒளிரும் படலங்களாற் போர்த்துச் சிறைசெய்கின்றது, அச்சிறையே முத்து. அப்புழுவுக்கு ஆதர் ஷிப்லியும் ஹோணெலும் இட்ட பெயரின் பிற்பகுதி 'யூனியோனிபக்ற்றர்' என்பது. முத்தாக்குவது என்பது அதன் பொருள். சிப்பியைத் தின்னும் மீனுடலிற் புழு வளர்ந்து, அம்மீனைத் தின்னும் திருக்கையில் முதிர்ச்சியுறும் என்றனர். ஆகவே, சிப்பிக்குப் பகையாகிய மீனும் திருக்கையும் முத்துக்கு உறவாயின. இக்கொள்கையின் அழகு எவரையும் கவரத்தக்கதே.

பார்கள் வறிதாவதற்கும் அறிக்கை காரணம் கூறியது. ஆழ்கடற் சரிவின் விளிம்பிற் கிடக்கும் பெரிய பாரிற் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கிற் படியும்; தென்மேற்குப் பருவக்காற்றின் அலைக்கழிப்பினால் முதிருமுன் அழியும். ஆதலால், அவற்றைக் காலத்தே வாரிப் பாதுகாப்பான பார்களிற் கொண்டுசென்று இடவேண்டும். மணற்பாங்கான இடங்களிற் கல் முதலியவற்றைப் பரப்பவேண்டும் என்பன பரிந்துரைகள்.

அறிக்கையின் தொகுதிகள் அச்சாகி வந்த அதே காலத்திற் கடலும் மனமிரங்கியது. 1903 தொடக்கம் 1907 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் கூடிற்று. 1905 இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. 25 இலட்சம் ரூபா வரையில் வருமானம் கிடைத்தது. விஞ்ஞானம் வென்றது எனப் பலர் மகிழ்ந்தனர். சற்றே நின்று எண்ணியிருப்பின் உண்மை புலப்பட்டிருக்கும். சிப்பி குளிப்புக்குத் தகுதியாக நான்கைந்து ஆண்டுகள் செல்லும். எனவே, 1903 முதல் 1905 வரை எடுத்தவை, ஹேட்மன் கப்பலேறுமுன்னரே பார்களிற் படிந்தவையாதல் வேண்டும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையே இதுவும்.

ஆயினும், அந்நம்பிக்கை வணிகமாயிற்று. 1906 ஆம் ஆண்டில் 'இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி' என ஒன்று இலண்டனில் எழுந்து, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையாக இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களைப் பெற்றது. 1907 ஆம் ஆண்டுச் சலாபத்தோடு அதன் நல்லூழ் முடிந்தது. தோமஸ் சவுத்வெல் முதலிய விஞ்ஞானியரின் துணையிருந்தும் பார்கள் வெறுமையாயின. 1912 இற் கம்பனி கலைக்கப்பட்டது. பின்னர் அரசாங்கமே பார்களைப் பார்த்துவந்தது; 1925 க்குப் பின் இக்கரையிற் பெருஞ் சலாபம் எதுவும் கூடவில்லை.

கம்பனி வீழ்ந்த அதே 1912 இல் கொள்கையும் அடிபட்டது. லிஸ்டர் ஜேம்சன் என்பவர் 1902 இலேயே ஐரோப்பியக் கரைகளில் வாழும் மட்டியை ஆராய்ந்து, முத்தினை உண்டாக்குவது ஒட்டுண்ணியன்று, அதனைச் சூழும் ஒரு மேலணிப் பையே என உணர்த்தியிருந்தார். இப்போது அவர் இலங்கை முத்துக்களை எடுத்துச் சுண்ணத்தைக் கரைத்து அவற்றின் நடுவை நோக்கினார். அங்கே பொதுவாகக் காணப்பட்டது நாடாப்புழுவன்று. ஓட்டைச் செப்பனிடச் சிப்பி சுரக்கும் பொருளையொத்த ஒன்றே. சிப்பியுட் குடம்பிகள் நிறைய உண்டு என்பது மெய். அவை முத்தின் கரு என்பதற்குச் சான்று போதாது. தாம் விவரித்த உருண்டைக் குடம்பிக்கு அவர் இட்ட பெயரின் பிற்பகுதி 'லூடிபிக்கன்ஸ்'. ஏமாற்றுவது என்பது பொருள். முத்தாக்குவது என்று பெயர்பெற்ற புழுவின் இனத்துக்கு எட்டாண்டுகளில் ஏமாற்றுவது என்னும் பெயர் வந்து வாய்த்தது. விஞ்ஞான வரலாற்றில் இதனினும் கூரிய மறுப்புரை காண்டல் அரிது.

ஜேம்சனின் பக்கம் நியாயம் இருந்தது என்பதனை ஜப்பானியர் செயலிற் காட்டினர். மீசே, நிஷிகாவா என்பார் 1907 ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த முறையில் ஒட்டுண்ணிக்கு இடமேயில்லை. ஒரு சிப்பியின் ஓட்டினுட்புறத்தைப் போர்த்திருக்கும் மென்மூடியில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஓட்டு மணியொன்றுடன் வேறொரு சிப்பியின் உடலுள் வைப்பர். அத்துண்டின் கலங்கள் பெருகி மணியைச் சூழ்ந்து பையாகி முத்துப்படலத்தைச் சுரக்கும். மிக்கிமோட்டோவின் பெயரால் உலகறிந்த வளர்ப்பு முத்துத் தொழில் இம்முறையின் மேல் எழுந்ததே.

ஈண்டு நிர்ப்பீடனவியல் நம் கதையுட் புகுகின்றது. 1882 இல் மெசீனாக் கடற்கரையில் உருசிய அறிஞர் மெச்னிக்கொவ் நட்சத்திரமீனின் குடம்பியில் ஒரு முள்ளை ஏற்றி, அலையும் கலங்கள் அதனைச் சூழ்ந்து மொய்ப்பதைக் கண்டார். பிற பொருளை உடல் எதிர்க்கும் முறையை அறிய அதுவே ஒரு வாயிலாயிற்று. அப்பணிக்காக 1908 இல் நோபெல் பரிசும் பெற்றார். சிப்பியும் அவ்வாறே தன் குருதிக் கலங்களால் நுண்ணுயிரை விழுங்கும். பெரிய புழுவாயின் சூழ்ந்து சிறையிடும். நம் உடலிற் போலப் பிறபொருளெதிரிகள் அதற்கில்லை. ஒட்டுண்ணியைச் சிப்பி சிறைசெய்கின்றது என ஹேட்மன் கண்டது பிழையன்று. அச்சிறையும் முத்தும் ஒன்றே என அவர் எண்ணியதே பிழை. சிறை காவற் கலங்களின் வேலை. முத்து ஓடு செய்யும் மேலணிக் கலங்களின் வேலை.

அண்மைக் காலத்தில் மூலக்கூற்று உயிரியலார் இதனை மேலும் தெளிவுபடுத்தியுள்ளனர். முத்துப்படலத்தை உருவாக்குவதிற் பங்குகொள்ளும் புரதங்கள் 1990 களிற் பிரித்தறியப்பட்டன. ஜப்பானிய முத்துச் சிப்பியின் பரம்பரையலகுத் தொகுதி 2012 இல் வெளியிடப்பட்டது. வளர்ப்பு முத்தின் பையிற் செயற்படுவன, துண்டு கொடுத்த சிப்பியின் கலங்களே என்பதைப் பரம்பரையலகு அடையாளங்களால் நிறுவினர். அயலுடலின் துண்டை ஏற்கும் சிப்பி அதனை அழியாது வாழவிடுவது எங்ஙனம் என்பது இன்று ஆய்வாளர் கைக்கொண்ட வினா. மன்னாரில் எழுந்த பழைய வினாவின் புதிய உருவமே அது.

இனி மேற்கோளைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஓர் ஆய்வை எவரெவர் எடுத்தாண்டனர் என்பதைத் தொடர்ந்து குறிக்கும் அட்டவணை வேண்டும் என 1955 இல் அமெரிக்கரான யூஜீன் கார்பீல்ட் எழுதினார். 1964 தொடக்கம் அத்தகைய அட்டவணை ஒழுங்காக வெளிவந்தது. ஒரு பொருள் பற்றிய ஆய்வுகளைத் தேடிக் காண்பதே அதன் முதல் நோக்கம். காலப்போக்கில் அது மனிதரை எடைபோடும் துலாக்கோலாயிற்று. 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகர் விஞ்ஞானி ஒருவரின் வெளியீடுகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையை வகுத்தார். நிர்ப்பீடனவியல், மூலக்கூற்று உயிரியல் போன்ற துறைகளிற் பதவி உயர்வும் ஆய்வுப் பணமும் இவ்வெண்களை நோக்குவது இக்கால வழக்கு.

ஹேட்மனின் அறிக்கையை இக்கோலில் நிறுத்தினால் மூன்று உண்மைகள் வெளிப்படும். முதலாவது, மறுப்போரும் மேற்கோள் காட்டுவர். ஜேம்சன் ஹேட்மனைப் பக்கந்தோறும் குறிப்பிட்டார். எண்ணிக்கை ஏறும், பொருளோ மறுப்பு. இரண்டாவது, அறிக்கையின் தலைமைப் பகுதி தளர்ந்தபோதும் துணைப் பகுதிகள் தளரவில்லை. கடற்பஞ்சு பற்றி ஆதர் டெண்டி 1905 இல் எழுதியதையும், சிறுகணுக்காலிகள் பற்றித் தொம்சனும் ஸ்கொட்டும் 1903 இல் எழுதியதையும் விட்டுவிட்டு அவ்வுயிரினங்களை இன்றும் எவரும் ஆராய முடியாது. பெயரிட்டுப் பொறுமையாக விவரித்த அவ்வேலைக்கு அன்று பத்திரிகைகளிற் புகழ் கிடைத்திராது, ஆயுள் கிடைத்தது. மூன்றாவது, பெயர் மாறினால் வழியும் மாறும். ஹேட்மன் 'மாகரிட்டிபெரா வல்காரிஸ்' என்று எழுதிய சிப்பி இன்று 'பிங்க்டாடா' என்னும் பேரினத்துள் வேறு பெயரால் வழங்குகின்றது. அதன் இனப்பெயர் பற்றியும் அறிஞரிடையே வழக்குண்டு. புதுப்பெயரைக் கொண்டு தேடும் மாணவன் பழைய அறிக்கையைக் காணாமலே போகக்கூடும்.

இவற்றினும் ஆழ்ந்த குறையொன்றும் உண்டு. எந்தப் பார் எங்கே கிடக்கின்றது, எங்கே வன்றரை, எங்கே மணல், நீரோட்டம் எத்திங்களில் எத்திசை என்பவற்றை விஞ்ஞானியர் வருமுன்னரே அறிந்தவர் இக்கரையின் குளிகாரரும், பார்காட்டும் அடப்பனாருமாவர். பார்களின் பெயர்களே அதற்குச் சான்று. அவை தமிழ்ப் பெயர்களாகவே அரச கழகத்தின் நூலிலும் அச்சேறின. ஆனால், பெயரிட்டவர் பெயர் எவ்வட்டவணையிலும் இல்லை. எழுதாத அறிவுக்கு மேற்கோள் இல்லை. அவ்வறிவை நாம் எழுதிவையாமைக்கு மேனாட்டாரை நோதல் பயனில்லை. மன்னார்க் கடலைப் பற்றிய அப்பெருநூல் அக்கடலோரத்து மக்களின் மொழியில் எழுதப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

எதிர்க்கரையில் நிகழ்ந்ததொன்றை இங்கே ஒப்புநோக்கலாம். 1973 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி தூத்துக்குடியில் இதே கடலின் சிப்பியில் உருண்ட வளர்ப்பு முத்தை விளைவித்தார். அதனை அறிவித்து மறு ஆண்டில் 'கரன்ற் சயன்ஸ்' என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரை சில பக்கங்களே கொண்டது. ஐந்து பெருந்தொகுதிகளும் ஒரு சிறு கட்டுரையும்! எதனாற் கடலோரத்து மனிதன் கையில் முத்து வந்தது என்று வினவுவோமாயின், பக்க எண்ணிக்கை நமக்கு விடை தராது.

இதனால் ஹேட்மனை இகழ்தல் நம் கருத்தன்று. அவர் கண்டதை மறையாது எழுதினார். கெலாட் முன்னர்ச் செய்த பணியையும் தம் அறிக்கையிற் குறித்தார். எதனை எவ்வாறு சோதித்தார் என்பதை விளங்க உரைத்தார். அதனாலேயே மற்றொருவர் அதே முத்தை எடுத்துக் கரைத்துப் பார்த்துப் பிழை காண முடிந்தது. பிழை காண்பதற்கு இடம் வைத்து எழுதுதல் நல்லாய்வின் இலக்கணம். பிழை நேர்ந்தது கடலிலன்று. ஒரு கருதுகோளை முடிந்த முடிபாகக் கொண்டு இருபதாண்டுக் குத்தகை எழுதியவர் மேசையில்.

அரிப்பிற் கடலோரச் செம்மேட்டின் விளிம்பில், முதற் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தைப் பார்வையிடக் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் நிற்கின்றது. ஆண்டுதோறும் அலை அதன் அடியை அரிக்கின்றது. அங்கே செல்லும் நம் மாணவர், பாழ்மனையை மட்டும் பார்த்துத் திரும்பாது, எதிரேயுள்ள கடலையும் ஒருமுறை நோக்குவாராக. அதன் அடியிற் பார்கள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து எழுதவேண்டியவை இன்னும் பல. எழுதுங்கால், எத்தனை பேர் எடுத்தாள்வர் என்று எண்ணாது, பின்வருவோன் ஒருவன் கரைத்துப் பார்க்கத்தக்கவாறு உள்ளதை உள்ளபடி எழுதுவார்களாயின், அதுவே இக்கடலுக்கும் இக்கல்லூரிக்கும் அவர் செய்யும் கைம்மாறு.